பிளேடு நழுவிய விஜயதசமி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வாரந்தோறும் இந்தப் பக்கத்தைப் பொறுமையோடு வாசிக்கும் தங்களுக்கு என் பணிவான வணக்கம். சென்ற வாரம் நான் இத்தொழிலுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம், தொழில் என்னைக் கைவிடப் பார்த்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். தாங்கள் வீணாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முந்திய விஜயதசமிக் காலை அது. முதல்நாள் ஆயுத பூஜை நடந்திருந்தது. என் பட்டறையில் கட்டியிருந்த மாவிலை இன்னும் வாடவில்லை. பொரிகடலை வாசமும் பத்தி வாசமும் ஒட்டுப்பலகைத் தூளின் வாசமும் ஒன்றாய்க் கலந்திருந்தன. நல்ல நேரம் பார்த்து, மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன்.

பலகையில் ஒரு விரற்கடை தூரம் அறுத்திருப்பேன். 'டப்' என்றொரு சத்தம். பிளேடு மேலிருந்து கழன்று, காற்றில் ஆடும் மீசை முடிபோலத் துடித்து நின்றது.

மறுபடியும் மாட்டினேன். மறுபடியும் 'டப்'.

விஜயதசமியில் தொடங்கும் வேலை ஆண்டு முழுவதும் வளரும் என்பார்கள். 'டப்' வளர்ந்தால் என் கதி என்ன என்று அப்போது நினைத்துப் பார்த்தேன்.

எதை அறுக்கிறேன் என்பது

புதிதாய் வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். நான் டை செய்கிறவன். மத்தாப்புப் பெட்டியோ மிட்டாய்ப் பெட்டியோ, எதுவானாலும் அது முதலில் தட்டையான அட்டைதான். அந்த அட்டையைப் பெட்டியின் வடிவத்தில் வெட்டுவதற்கு ஓர் அச்சு வேண்டும். தடித்த ஒட்டுப்பலகையில் கோடு கோடாக அறுத்து, அந்தப் பிளவுகளில் கூரிய உருக்குப் பட்டைகளைச் சொருகினால் அதுதான் டை. அதைப் பஞ்சிங் மிஷினில் மாட்டி அட்டையை அழுத்தினால், வடிவம் வெட்டுப்பட்டு வந்துவிடும்.

பலகையை அறுப்பது ஜிக்சா மிஷின். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் நாணல் நார் போன்ற மெல்லிய பிளேடு. தையல் மிஷின் ஊசியைப்போல அது மேலும் கீழும் ஓடும். பிளேடின் இரு நுனிகளையும் இரண்டு கிளாம்புகள் கவ்விப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கிளாம்பிலும் ஒரு சிறிய திருகு உண்டு. அதைத் திருகினால் பிளேடு இறுகும்.

நெல்மணி அளவுள்ள அந்தப் பிடியில்தான் என் ஜீவனம் தொங்குகிறது. அன்றைக்கோ அதில் என் மானமும் சேர்ந்து தொங்கியது.

சம்பந்தியம்மாளின் முதல் ஆர்டர்

என் மகளின் மாமியார் பெயர் வேலம்மாள். விஸ்வநத்தத்துக்காரர். பல வருடம் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். பிறகு பழைய பஞ்சிங் மிஷின் ஒன்றை வாங்கி வீட்டருகே ஒரு கொட்டகையில் போட்டார். என் மகளும் அவருமாகப் பிற அச்சகங்களுக்குக் கூலிக்குப் பஞ்சிங் செய்து கொடுத்து வந்தார்கள். எத்தனை ஆயிரம் பெட்டிகள் அவர் கையால் வெட்டுப்பட்டாலும், ஒன்றுகூட அவர் பெயரில் வந்த ஆர்டர் இல்லை.

அந்த வருடம், சீசன் முடிகிற தறுவாயில், எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனி அவர் பெயரிலேயே ஓர் ஆர்டர் தர முன்வந்தது. ரோட்டோரக் கடைகளில் விற்பதற்குக் குழந்தைகளுக்கான பரிசுப் பெட்டி. ரயில் வடிவம். புகைபோக்கியோடு ஓர் எஞ்சின், பின்னால் ஆறு ஜன்னல் வைத்த பெட்டி. ஜன்னல் வழியே உள்ளே இருக்கும் கம்பி மத்தாப்பும் தரைச்சக்கரமும் தெரிய வேண்டும்.

கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை விதித்தது. விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மாதிரிப் பெட்டி மேசைமேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறைப் பொரிகடலையை வாங்கிப் போக வந்த சாக்கில் வேலம்மாள் விஷயத்தைச் சொன்னார்.

"லேசர்ல டைப் பலகை அறுக்கவகள்ட்ட கேட்டேன் அண்ணாச்சி. பூஜை லீவு, அதுக்கு மேல நாலு நாள் வரிசைங்காக. உங்களால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா ஒண்ணுமில்ல. இப்பமே சொல்லிருங்க."

அவர் 'ஒண்ணுமில்ல' என்று சொன்னாரே தவிர, கையிலிருந்த பொரிப் பொட்டலம் கசங்கிக்கொண்டிருந்தது.

பெண்ணைக் கொடுத்த இடம். அங்கிருந்து முதன்முதலாக ஓர் உதவி கேட்டு வருகிறார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டை உங்க கையில இருக்கும் தங்கச்சி."

உள்ளேயிருந்து என் மனைவி ராமலட்சுமி தொண்டையைச் செருமினாள். வேலம்மாள் போனபிறகு வெளியே வந்தாள்.

"முடியும்னு சொன்னது சரி. மணிய எதுக்குச் சொன்னீக?"

தையல் மிஷின் காலில் ஓடிய ரம்பம்

இங்கே சற்றே விலகிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன்.

என் முதல் ஜிக்சா நானே கட்டியது. காயலான் கடையில் கிடந்த தையல் மிஷினின் இரும்புக் கால்தான் அதன் அடிப்பாகம். காலால் மிதித்தால் மேலே ரம்பம் ஆடும். பிளேடைக் கவ்வுவதற்கு, சைக்கிள் பிரேக் கம்பியைப் பிடிக்கும் சின்ன போல்ட் இரண்டைப் போட்டிருந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "இதுல ஜாக்கெட்டும் தைப்பீகளா?" என்று கேட்டார்.

ஆனால் அந்த போல்ட் ஒருநாளும் பிளேடை விட்டதில்லை. அதன் உள்முகம் சொரசொரப்பாய் இருந்தது. எண்ணெய் என்பதையே அது கண்டதில்லை. காரணம் இதுதான் என்று அன்று எனக்குத் தெரியாது. நன்றாய் நடக்கும் பொருளை ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் எழுதக் கற்றதும் இதே பட்டறையில்தான். அச்சகத்திலிருந்து வரும் கழிவுத் தாள்களை அறுப்புத் தூள் சிந்தாமலிருக்கத் தரையில் விரிப்பேன். வேலைக்கு நடுவே குனிந்து வாசிப்பேன். பாதிப் பக்கத்தில் கதை நின்றுவிடும். மீதியை மனத்துக்குள் நானே எழுதி முடிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் நடை இவ்வளவு விறைப்பாக இருப்பதற்கு அந்தத் தாள்களே பொறுப்பு.

பின்னாளில் ஒரு புதிய ஜிக்சா வாங்கினேன். மோட்டார் வைத்தது, வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதன்மேல் எனக்கு அளவுகடந்த பிரியம். நான் சொல்லும் விஜயதசமி, அது எங்கள் வீட்டுக்கு வந்தபின் வந்த முதல் விஜயதசமி.

நான் சந்தேகப்பட்டவர்கள்

முதலில் பிளேடைச் சந்தேகப்பட்டேன். புதுப் பிளேடுகளைத் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே இரு நுனிகளையும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். மாட்டினேன். 'டப்'.

அடுத்து என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பிளேடு கிளாம்பின் ஆழம் வரை போகாமல் நுனியில் நின்றிருந்தால் நழுவும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடி வரை இறக்கி, நேராக நிற்கிறதா என்று பார்த்து இறுக்கினேன். 'டப்'.

விறைப்பைக் குறைத்துப் பார்த்தேன். பிளேடு வளைந்து கோடு கோணலாயிற்று. விறைப்பைக் கூட்டினேன். 'டப்' முன்னைவிட விரைவாக வந்தது.

இப்படி விழுந்து எழுந்து வெளிக்கோட்டை மட்டும் எப்படியோ அறுத்து முடித்தேன். எஞ்சின் வந்தது, புகைபோக்கி வந்தது, சக்கரங்கள் வந்தன. மணி பன்னிரண்டாகிவிட்டது.

உண்மையான சோதனை ஜன்னல்கள். உள்ளே இருக்கும் வடிவத்தை ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு போக முடியாது. பலகையில் ஒரு துளை போட்டு, மேல் கிளாம்பிலிருந்து பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். நடுத்துண்டு கழன்று விழாமலிருக்க இரண்டு இடத்தில் அறுக்காமல் பாலம் விட வேண்டும். ஆகையால் ஒரு ஜன்னலுக்கு இரண்டு துளை, இரண்டு முறை மாட்டல். ஆறு ஜன்னலுக்குப் பன்னிரண்டு முறை. ஒருமுறை மாட்டுவதற்கே வழியில்லாதவன் பன்னிரண்டு முறைக்கு எங்கே போவேன்?

மிஷின் விற்ற கடைக்குப் போன் செய்தேன்.

"கரெண்டு ஒழுங்கா வருதா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"பிளேடு நழுவுறதுக்கும் கரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல, பொதுவாக் கேட்டேன். திருக நல்லா இறுக்கிப் பாருங்க."

விரலால் இறுக்க வேண்டிய திருகை நான் குறட்டால் இறுக்கினேன். வயதுக்கேற்ற நிதானம் எனக்கு இருக்கிறது என்று ஊரில் பேச்சு. அன்று அது பட்டறைக்கு வரவில்லை. "ஏலே, கடிலே! கடிச்சுத் தொலைலே!" என்று மிஷினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே முறுக்கினேன்.

'கறுக்' என்றது. திருகின் மரை வழன்று போயிற்று. இப்போது அது இறுகவும் இல்லை, தளரவும் இல்லை, சும்மா சுற்றியது.

தலைகவிழ்ந்த விசிறி

பூஜை விடுமுறை. ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ராமலட்சுமி வாசலில் வந்து நின்று, என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசை விசிறியின் பின்னால் போய், அதன் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் திருகைக் கழற்றிக் கொண்டுவந்தாள்.

"இது பத்துமா பாருங்க."

பொருந்தியது. நல்ல வேளையாகக் கிளாம்பின் துளையில் மரை தப்பியிருந்தது, அளவும் ஒன்றாயிருந்தது. விசிறி மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தரைக்குக் காற்று வீசத் தொடங்கியது. என் பாதங்கள் குளிர்ந்தன. உச்சி வேர்த்தது.

பழைய திருகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விசிறித் திருகை இறுக்கி, சுவிட்சைப் போட்டேன்.

'டப்'.

அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் சத்தம். வேலம்மாள் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். நான் சட்டென்று எழுந்து, மிஷினை என் உடம்பால் மறைத்துக்கொண்டு, "வாங்க தங்கச்சி, வேலை ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன்.

ராமலட்சுமி பொய் சொல்லத் தெரியாதவள். "எங்க ஓடுது? மிஷினு விரதம் மதினி. காலையில இருந்து ஒண்ணையும் கடிக்க மாட்டேங்குது" என்றாள்.

வேலம்மாள் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார். எஞ்சின் இருந்தது, ஜன்னல்கள் இல்லை. மணியைப் பார்த்தார். பிறகு மிகவும் அடங்கிய குரலில், "விசிறி ஏன் அண்ணாச்சி தலையத் தொங்கப் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

காரணத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிஷினுக்குக் கழுத்தையே குடுத்திருச்சா!" என்றார். எங்கள் மூவருக்கும் அது தேவையாயிருந்தது. சிரித்து முடித்தபின், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினருகே குனிந்தார். பஞ்சிங் மிஷினோடு பழகியவர். இரும்பு அவருக்கு அந்நியமில்லை.

"எல்லாத்தையும் தொடச்சுப் பாத்தீகளா?"

"எல்லாத்தையும் தொடச்சாச்சு. தின்னர் போட்டுத் தொடச்சேன்."

"இங்கன என்ன மஞ்சளா இருக்கு?"

"அது பூஜைப் பொட்டு."

"வாய்க்குள்ளயா?"

ஐயா, அம்மா, தங்களிடம் மறைப்பானேன்? பூஜையன்று மிஷினைத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளப்பாகத் துடைத்தேன். மோட்டாரில் ஒரு பொட்டு, மேசையில் ஒரு பொட்டு. அப்போதும் என் பிரியம் அடங்கவில்லை. இந்த மிஷினின் உழைப்பெல்லாம் கிளாம்பின் வாயில்தானே நடக்கிறது, அங்கே வைக்காமல் வேறெங்கே வைப்பது என்று எண்ணி, கிளாம்பைத் திறந்து, பிளேடை அழுத்தும் உள்முகத்திலேயே சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமமும் இட்டிருந்தேன்.

பூஜையில் வைத்த பொட்டை யாரும் கையால் அழிப்பதில்லை. அது தானாக உலர்ந்து உதிரும்வரை இருக்கும். ஆகவே காலை முழுவதும், தின்னர்த் துணியோடு, அந்தப் பொட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பொட்டைத் தொடவில்லை. எண்ணெயில் ஊறிய சந்தனத்தைப் பிளேடு எப்படிப் பிடித்து நிற்கும்?

வேலம்மாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"நாங்களும்தான் வைக்கோம். சக்கரத்துல வைப்போம், மூடியில வைப்போம். அட்டை உக்காருத எடத்துல வச்சா அட்டை வழுக்கிட்டுப் போயிரும்லா? நல்லா இருக்கு அண்ணாச்சி நீங்க கும்பிட்ட லட்சணம்!"

"அது சரி மதினி, சாமிக்கு வச்சத அழிக்கலாமா? அதுவும் விஜயதசமி அன்னைக்கு?" என்றாள் ராமலட்சுமி.

இழக்கப்போவது வேலம்மாளின் ஆர்டர். ஆனாலும் அவர் உடனே கையை நீட்டவில்லை. அவருக்கும் அது சாமிக்கு வைத்ததுதான். விசிறி தரையைப் பார்த்துக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"அழிக்க வேண்டாம் மதினி," என்றார் கடைசியில். "எடத்த மாத்துவோம்."

மோதிர விரலின் நுனியால் கிளாம்பின் உள்ளிருந்த சந்தனத்தை வழித்தெடுத்தார். மோட்டார் மூடியில், ஏற்கெனவே இருந்த பொட்டுக்குப் பக்கத்தில், புதிதாய் ஒன்று வைத்தார். மிச்சத்தில் ராமலட்சுமியின் நெற்றியில் கொஞ்சம், தம் நெற்றியில் கொஞ்சம். விரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை என் பக்கம் நீட்டினார். நான் தொட்டு இட்டுக்கொண்டேன்.

ஒரு துளிகூடத் தரையில் விழவில்லை.

ஆறு ஜன்னல்கள்

அதன்பின் செய்ய வேண்டியது எனக்கே விளங்கியது. தின்னர்த் துணியைக் கிளாம்பின் வாய்க்குள் விட்டு எண்ணெய்ப் பசை போகும்வரை துடைத்தேன். உப்புத்தாளை மடித்து உள்ளே வைத்து, நாலைந்து முறை இழுத்தேன். வழவழப்பாயிருந்த முகம் சொரசொரப்பாயிற்று. பழைய சைக்கிள் போல்ட் நினைவுக்கு வந்தது. கீழ் கிளாம்புக்கும் அதே மரியாதை. புதுப் பிளேடின் நுனிகளைத் தேய்த்து, விரலால் தொடாமல் தாளால் பிடித்து அடிவரை இறக்கினேன். விசிறியின் திருகை விரலால் மட்டுமே இறுக்கினேன். குறடு என் கைக்குக் கிடைக்காதபடி ராமலட்சுமி ஒளித்து வைத்திருந்தாள்.

விறைப்பு ஏற்றிப் பிளேடை நகத்தால் சுண்டினேன்.

'ணிங்' என்றது. காலையிலிருந்து நான் கேட்கத் தவித்த சத்தம் அது.

சுவிட்சைப் போட்டேன். பிளேடு இறங்கியது, ஏறியது. தூள் பொன்னிறமாய்ப் பறந்தது. முதல் ஜன்னல் முடிந்து பலகையைத் தூக்கிக் காட்டியபோது வேலம்மாள் "ஒண்ணு" என்றார். பிறகு "ரெண்டு." மூன்றாவதிலிருந்து ராமலட்சுமியும் சேர்ந்துகொண்டாள். ஆறாவது ஜன்னலுக்கு இருவரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு ஆறு அடிச்சாக?" என்று கேட்டார். கிரிக்கெட் என்று நினைத்துவிட்டார்.

உருக்குப் பட்டைகளை வளைத்துச் சொருகி, வெட்டிய அட்டையைத் தள்ளிவிடும் ரப்பரை ஓரங்களில் ஒட்டி முடிக்கும்போது மணி ஐந்தரை. நாலு மணி என்று நான் சொல்லியிருந்தேன். அதை இருவரும் பெருந்தன்மையோடு குறிப்பிடவில்லை. வேலம்மாள் டையைப் பழைய துண்டில் சுற்றி, மொபெட்டின் முன்னால் கைக்குழந்தையைப்போல வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டரைக்கு, எம். புதுப்பட்டி போகும் வழியில் எங்கள் வாசலில் இறங்கினார். கையில் ரயில். எஞ்சின், சக்கரம், ஆறு ஜன்னல். ஓரம் ஒன்றிலும் பிசிறில்லை. புகைபோக்கியின் உச்சியில் சிறிதாய் ஒரு சந்தனப் பொட்டு.

"வெளியதான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. பாத்துக்கோங்க," என்றார்.

பதினொரு மணிவாக்கில் போன் வந்தது. ராமலட்சுமி எடுத்து, நானும் கேட்கும்படி பிடித்தாள். முதலில் மொபெட்டும் லாரியும் போகும் சத்தம்தான் கேட்டது. பிறகு வேலம்மாளின் குரல்.

"மதினி, பில்லுல யார் பேரு எழுதணும்னு கேட்டாக. எம் பேரச் சொன்னேன்."

ராமலட்சுமி போனை என் கையில் திணித்தாள். ஆகவே நான் பேசினேன். "சந்தோசம் தங்கச்சி. அடுத்த டை எப்பம் வேணும்?"

"மணிய மட்டும் சொல்லிராதீக அண்ணாச்சி!" என்று அங்கிருந்து சிரிப்பு வந்தது. "அந்த விசிறித் திருகயும் கழத்திராதீக. அது ராசியான திருகு."

கழற்றவில்லை. புதுத் திருகு எத்தனையோ முறை வாங்கியிருக்கலாம். விசிறி இன்றைக்கும் தலைகவிழ்ந்தபடி என் பாதத்துக்குக் காற்று வீசுகிறது. ஆயுத பூஜையன்று இப்போது வேலம்மாள்தான் வந்து மிஷினுக்குப் பொட்டு வைக்கிறார். எனக்கு அந்த உரிமை பறிக்கப்பட்டுவிட்டது. மோட்டாருக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, விசிறியின் கவிழ்ந்த தலைக்கு ஒன்று.

ஐயா, அம்மா, தங்கள் பட்டறையிலும் ஒருநாள் பிளேடு நழுவக்கூடும். அன்று எடுத்துப் பார்ப்பதற்காக இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரமாய் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.